தப்பு நோட்டைத் திருத்துவதா, திரும்ப வாசிப்பதா?

பதினாறு பார் எலெக்ட்ரிக் பியானோ ட்ராக் ஒன்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெம்போ 100 (நிமிடத்துக்கு 100 பீட்), நாலுக்கு நாலு தாளம், அதாவது ஒரு பாருக்கு நாலு பீட். போட்டுக் கேட்டால் நான்கு குறைகள் காதில் விழுகின்றன. ஐந்தாவது பாரில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகளை) அழுத்தும்போது விரல் பக்கத்துக் கட்டையிலும் பட்டு, வேண்டாத நோட் ஒன்று சேர்ந்து ஒலிக்கிறது. ஒன்பதாவது, பத்தாவது பார்களில் கை அவசரப்பட்டு ஓடுகிறது. பன்னிரண்டாவது பாரில், ஒலியை இழுத்துப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடலைத் தூக்கத் தாமதமாகி, அடுத்தடுத்த இரண்டு கார்ட்களும் கலந்து குழம்பிவிட்டன. இதற்கு மேல், முழு ட்ராக்கிலும் இடது கை கொஞ்சம் பலமாகவே விழுந்திருக்கிறது.

ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டில், அதாவது சவுண்டுகளோடு பதிவு, எடிட் வசதிகளும் உள்ளேயே இருக்கிற கீபோர்டில், இவற்றைச் சரிசெய்ய வழிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கலாம். பதிவானவற்றை வரிவரியாகக் காட்டும் ஈவென்ட் லிஸ்டைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். குவாண்டைஸ் (நோட்டுகளைப் பக்கத்துத் தாளக் கோட்டுக்கு நகர்த்துவது), வெலாசிட்டி (கட்டையை அழுத்திய வேகம்) மாற்றம் போன்ற மொத்தக் கட்டளைகளை ட்ராக்கின் மேல் ஓட்டலாம். ஸ்டெப் ரெக்கார்டிங்கில் நோட் நோட்டாக உள்ளே போடலாம். இதெல்லாம் எதற்கு, கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் மவுஸால் இழுத்துவிடலாமே என்பதுதான் இன்றைக்குப் பலரும் எடுக்கிற முடிவு. அது பெரும்பாலும் அவசர முடிவு என்பேன். கீபோர்டின் திரை சிறியது என்ற ஒரே எரிச்சலில் எடுக்கிற முடிவு அது. போன பிறகுதான் திரும்பி வருகிற வழியில் எத்தனை இடைஞ்சல் என்று தெரியவரும். குறை எந்த வகை என்று முதலில் பார்த்துவிட்டால், எந்த வழியில் போவது என்பதில் பெரிய குழப்பம் வராது.

பதிவாவது என்ன?

கீபோர்டின் பதிவுப் பகுதியான சீக்வென்ஸர் ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எவ்வளவு நேரம் அழுத்தியபடி இருந்தது என்ற குறிப்புகளைத்தான் பதிகிறது. இசைக் கருவிகள் இந்தக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள 1983-ல் வந்த மிடி தரத்தின்படி கட்டையின் எண்ணும் வெலாசிட்டியும் 0 முதல் 127 வரை. பெடல், மாடுலேஷன் வீல் எல்லாம் கன்ட்ரோலர் எண்களாகப் பதிவாகும். சஸ்டெய்ன் பெடல் 64, மாடுலேஷன் 1, வால்யூம் 7, எக்ஸ்பிரஷன் 11. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கு மட்டும் இன்னும் நுணுக்கமான அளவு: மைனஸ் 8192-லிருந்து பிளஸ் 8191 வரை, நடுவில் பூஜ்ஜியம்.

நேரத்தைச் சீக்வென்ஸர் டிக் என்ற சின்னத் துண்டுகளின் கணக்கில் வைத்துக்கொள்கிறது. யமஹா மோட்டிஃப், கோர்க் க்ரோனோஸ் போன்ற ஒர்க்ஸ்டேஷன்களில் ஒரு கால் நோட்டுக்கு, அதாவது ஒரு பீட்டுக்கு, 480 டிக். டெம்போ 100 என்றால் கால் நோட் 600 மில்லிசெகண்ட். ஆகவே ஒரு டிக் 1.25 மில்லிசெகண்ட். 1999-ல் வந்த கோர்க் ட்ரைட்டனில் கால் நோட்டுக்கு 192 டிக்தான், அதாவது ஒரு டிக் சுமார் 3 மில்லிசெகண்ட். 1988-ல் வந்த அக்காய் எம்பிசி60 என்ற தாள மெஷின் வெறும் 96 டிக்கை வைத்துக்கொண்டு ஓடியது. அதில் ஒரு டிக் 6 மில்லிசெகண்டைத் தாண்டும். அதை வைத்துக்கொண்டும் உலகத்தையே ஆட வைத்தார்கள் என்பது வேறு விஷயம். எடிட் செய்கிறவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 480 டிக் மெஷினில் பதினாறாம் நோட் ஒன்றின் நீளம் 120 டிக், ஒரு பீட்டை மூன்றாகப் பிரிக்கும் ட்ரிப்லெட் எட்டாம் நோட் 160 டிக். இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருந்தால் ஈவென்ட் லிஸ்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

திரும்ப வாசிப்பது

எல்லோரும் கடைசியில் யோசிக்கிற வழி இது. முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். ஒன்பது, பத்தாவது பார்களில் கை ஓடியதற்கு நல்ல மருந்து, அந்த இரண்டு பாரையும் மறுபடி வாசிப்பது. அந்த இரண்டு பாரில் வாசிப்பின் அடர்த்தியைப் பொறுத்து நாற்பது, ஐம்பது நோட் இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் முந்தியிருக்கும். அவற்றை எண்களாக இழுத்துச் சரிசெய்ய உட்கார்ந்தால், நேரம் போவதோடு வாசித்தவரின் நடையும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு ஆட்டோ பஞ்ச் இன், அதாவது குறித்த எல்லைக்குள் மட்டும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும் வசதி, போதும். ஒன்பது முதல் பத்து வரை என்று எல்லை கொடுத்துவிட்டு, ஏழாவது பாரிலிருந்து ஓட விட்டு, கூடவே வாசித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். எல்லைக்கு வெளியே வாசிப்பது எதுவும் பதிவாகாது. ஆகையால் எட்டாவது பாரையும் சேர்த்து வாசித்தால் கை இயல்பாக உள்ளே நுழையும். ஒன்பதாவது பார் வந்ததும் சட்டென்று ஆரம்பித்தால் முதல் நோட் எப்போதும் முரடாகவே விழும்.

பஞ்ச் இன்னில் பலரும் மாட்டிக்கொள்கிற இடங்கள் இரண்டு. மனிதக் கை முதல் பீட்டுக்குச் சற்று முன்பே விழுவது சகஜம். ஒன்பதாவது பாரின் முதல் கார்ட் 8 டிக் முந்தி விழுந்தால், மெஷினின் கணக்கில் அது எட்டாவது பாரைச் சேர்ந்தது. எல்லைக்கு வெளியே என்பதால் பதிவாகாது. கேட்டால் ஒன்பதாவது பார் தலையில்லாமல் தொடங்கும். பழைய டேக்கிலும் (முதலில் வாசித்துப் பதிந்ததிலும்) இதே கதை நடந்திருந்தால், முந்தி விழுந்த அந்தப் பழைய கார்ட் அழியாமல் எட்டாவது பாரின் வாலில் உட்கார்ந்திருக்கும். புதிய கார்டும் சேர்ந்தால் ஒரே கார்ட் இரண்டு முறை தட்டியது போலக் கேட்கும். எல்லையின் தொடக்கத்தை ஒரு பார் முன்னதாக வைத்து, ஓய்வோ நீண்ட நோட்டோ இருக்கிற இடத்தில் வெட்டுவது நல்லது.

இன்னொன்று பெடல். எட்டாவது பாரில் அழுத்திய பெடலை ஒன்பதில் தூக்கியிருந்தால், அந்தத் தூக்கலும் பழைய டேக்கோடு அழிந்துபோகும். புதிய டேக்கில் எல்லைக்குள் ஒரு முறையாவது பெடலை அழுத்தித் தூக்காவிட்டால், எட்டாவது பாரின் நோட்டுகள் விடாமல் இழுத்துக்கொண்டே போகும். மெஷினில் கோளாறு என்று சிலர் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

திரும்ப வாசிப்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அதே உட்காரலில் செய்தால் கையின் கனம் ஒரே மாதிரி இருக்கும். நாள் கடந்து அதே இரண்டு பாரை வாசித்தால் வெலாசிட்டி முழுக்க வேறு தளத்தில் நிற்கும். ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். அப்படி நாளாகிவிட்டால் எட்டு பாராகச் சேர்த்து வாசிப்பது மேல்.

ஈவென்ட் லிஸ்ட்

ஐந்தாவது பாரின் வேண்டாத நோட்டுக்கு இதை விட்டால் வேறு வழி தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு நோட்டுக்காக நல்ல டேக்கைத் திரும்ப வாசிப்பது வீண் வேலை.

லிஸ்டைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் பார், பீட், டிக், நோட்டின் பெயர், நீளம், வெலாசிட்டி இருக்கும். அந்தக் கார்ட் மூன்றாவது பீட்டில் விழுந்தது என்றால் அந்த இடத்தில் வரிகள் இப்படித் தெரியும்: டிக் 004-ல் ஏ, வெலாசிட்டி 78, டிக் 006-ல் சி, வெலாசிட்டி 82, டிக் 009-ல் ஈ, வெலாசிட்டி 85, டிக் 011-ல் எஃப், வெலாசிட்டி 23, நீளம் 31 டிக். கடைசி வரியைப் பார்த்ததும் திருடன் யார் என்று தெரிந்துவிடும். தவறிப் பட்ட நோட் பெரும்பாலும் குறைந்த வெலாசிட்டியோடும் குட்டி நீளத்தோடும் இருக்கும். அந்த வரியில் கர்சரை வைத்து அழித்தால் முடிந்தது. ஒர்க்ஸ்டேஷன் லிஸ்ட்களில் நோட்டின் தொடக்கமும் முடிவும் ஒரே வரியாகவே காட்டப்படுவதால், நோட்டை அழித்த பிறகு அதன் முடிவு மட்டும் அநாதையாக எங்கேயும் தொங்காது.

ரோலண்டில் இந்த லிஸ்டுக்கு மைக்ரோஸ்கோப் என்று பெயர். பெயர் பொருத்தம்தான். நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பதால் பக்கத்து பாரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வடிவம் தெரியாது. ஒரு கிரெசெண்டோ எங்கே ஏறுகிறது, மெட்டு எங்கே வளைகிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் புலப்படாது. லிஸ்ட் எரிச்சலூட்டுகிறது என்கிறவர்கள் சொல்வது இதைத்தான். அது நியாயமும்கூட. ஆனால் ஒரு நோட், ஒரு எண் என்கிற அளவு வேலையில் நோட்டுகளைக் கட்டங்களாக வரைந்து காட்டும் பியானோ ரோலைவிட லிஸ்ட் வேகமானது. பியானோ ரோலில் ஒரே டிக்கில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிற இரட்டை நோட் கண்ணுக்கு ஒற்றைக் கட்டமாகத்தான் தெரியும். லிஸ்டில் இரண்டு வரி தெளிவாக நிற்கும். ஓவர்டப் செய்யும்போது (பழையதை அழிக்காமல் அதன்மேல் பதியும்போது) அதே கட்டையைத் தெரியாமல் திரும்பத் தட்டியதால் ஒரு நோட் மட்டும் தடித்து ஒலிக்கிறது என்றால் லிஸ்டைத்தான் பார்க்க வேண்டும்.

பெடல் குறைக்கும் லிஸ்ட்தான். பன்னிரண்டாவது பாரில் கன்ட்ரோலர் 64-ன் வரிகளைத் தேட வேண்டும். மதிப்பு 127 என்றால் அழுத்தல், 0 என்றால் தூக்கல். பொதுவாக 64-க்குக் கீழே எல்லாம் தூக்கல், 64-ம் அதற்கு மேலும் அழுத்தல் என்று எடுத்துக்கொள்ளப்படும். புதிய கார்ட் முதல் பீட்டில் விழுந்திருக்க, தூக்கல் 150 டிக் கழித்து நின்றால் அதுதான் குழப்பத்தின் காரணம். அதை கார்டுக்கு 10 டிக் பின்னால் கொண்டுவந்தால் கலங்கல் தெளிந்துவிடும். அந்தத் தூக்கலுக்குப் பிறகு வருகிற அழுத்தலையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே போதுமான இடைவெளி இல்லாவிட்டால் பழைய நோட்டுகள் அடங்குவதற்குள் பெடல் மறுபடி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்வதற்கு முன் ஃபில்டரைப் போடுங்கள். எந்த வகை ஈவென்ட் மட்டும் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அநேகமாக எல்லா மெஷினிலும் உண்டு. போடாவிட்டால் ஆஃப்டர்டச் வரிகளின் காட்டுக்குள் பெடலைத் தேடி அலைய வேண்டியதுதான். விரல் கட்டையின்மேல் அழுந்திக்கொண்டே இருக்கும்போது ஆஃப்டர்டச் அடுக்கடுக்காக எண்களைக் கொட்டுகிறது. அந்த சவுண்டில் ஆஃப்டர்டச்சுக்கு வேலையே இல்லாவிட்டாலும் அது பதிவாகிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ட்ராக்கில் முதல் வேலையாக ஆஃப்டர்டச்சை ஒட்டுமொத்தமாக அழித்துவிடுவது பிற்பாடு செய்கிற எல்லா எடிட்டிங்கையும் எளிதாக்கும்.

பிட்ச் பெண்ட் மட்டும் லிஸ்டில் தொடக்கூடாத சமாச்சாரம். ஒரு சின்னக் கமகம், ஒரு இழுப்பு, வீலை ஒரு முறை தள்ளி விடுவது, எல்லாமே பத்துக் கணக்கில் வரிகளாக விரியும். அவற்றை எண்ணாகத் திருத்தி இழுப்பின் உருவத்தை மாற்றுவது நடக்காத காரியம். அந்த இடத்தின் பெண்டை மட்டும் அழித்துவிட்டு, நோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வீலை மாத்திரம் ஓவர்டப்பில் திரும்ப ஆட்டுவதே வழி. அழிக்கும்போது கடைசியில் வீல் நடுவுக்கு வந்ததைக் குறிக்கும் பூஜ்ஜிய வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள். அது போனால் அதற்குப் பின்னால் வருகிற எல்லா நோட்டும் சுருதி விலகி நிற்கும், அடுத்த பெண்ட் வருகிறவரை.

மொத்தக் கட்டளைகள்

இடது கை பலமாக விழுந்தது ட்ராக் முழுவதும் பரவிய ஒரே மாதிரிக் குறை. மொத்தக் கட்டளைக்கென்றே பிறந்த வேலை இது. நோட் எல்லை கொடுக்க முடிகிற மெஷினில் நடு சி-க்குக் கீழே உள்ள நோட்டுகளை மட்டும் தேர்ந்து வெலாசிட்டியைக் குறைக்கலாம். எல்லை கொடுக்கிற வசதி இல்லாவிட்டால் ட்ராக்கை இன்னொரு காலி ட்ராக்குக்கு நகலெடுத்து, ஒன்றில் மேல் நோட்டுகளையும் மற்றொன்றில் கீழ் நோட்டுகளையும் அழித்துவிட்டு, கீழ் ட்ராக்கை மட்டும் மாற்றலாம். இரண்டுக்கும் ஒரே மிடி சேனலைக் கொடுத்தால் ஒரே சவுண்டைத்தான் இரண்டும் இயக்கும். இப்படிக் கையைப் பிரித்து வைப்பது பிற்பாடு வேறு பல வேலைகளுக்கும் உதவும்.

குறைப்பதில் இரண்டு விதம். ஒரே எண்ணைக் கழிப்பது ஒன்று, விகிதத்தால் சுருக்குவது மற்றொன்று. 110, 95, 60 என்றிருக்கும் மூன்று நோட்டில் 15-ஐக் கழித்தால் 95, 80, 45. 85 சதவீதமாக்கினால் ஏறக்குறைய 93, 81, 51. கழித்தலில் நோட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே நிற்கும். விகிதத்தில் அது சுருங்கும். இடது கை பலம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கழித்தல், ஏற்ற இறக்கமும் கூடுதல் என்றால் விகிதம். எல்லா நோட்டுக்கும் ஒரே வெலாசிட்டி என்று ஒரு மூன்றாவது விதமும் இருக்கும். சின்த் பாஸில் அது சரி. எலெக்ட்ரிக் பியானோவில் போட்டால் டேக் செத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நல்ல பியானோ சவுண்ட்கள் வெலாசிட்டிக்கேற்ப வேறு வேறு சாம்பிளை (பதிந்து வைத்த ஒலித்துண்டை) எடுப்பவை. ஒரு எல்லைக்கு மேல் உறுமுகிற சாம்பிள், கீழே மென்மையான சாம்பிள். 15 குறைத்ததில் பாதி நோட்டுகள் அந்த எல்லையைத் தாண்டி இறங்கினால் சத்தம் மட்டுமில்லாமல் குரலே மாறிவிடும். அப்படியானால் வெலாசிட்டியைத் தொடாமல் கீழ் ட்ராக்குக்கு வேறு சேனல் கொடுத்து, அதே சவுண்டை அங்கே வைத்து, வால்யூமை மட்டும் இறக்குவது புத்திசாலித்தனம். ஆனால் பெடல் வரிகள் அந்த ட்ராக்கிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேனல் மாறினால் பெடலும் தனியாகப் போக வேண்டும்.

குவாண்டைஸ் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். இங்கே தேவையான அளவுக்கு மட்டும். பதினாறாம் நோட்டுக்குக் குவாண்டைஸ் செய்தால் ஒவ்வொரு நோட்டும் பக்கத்தில் உள்ள 120 டிக் கோட்டுக்குப் போகும். 60 டிக்குக்கு மேல் பின்தங்கிய நோட் அடுத்த கோட்டுக்குத் தாவிவிடும், அதாவது தப்பு இன்னும் பெரிய தப்பாகும். கை மோசமாக ஓடிய இடத்தில் குவாண்டைஸ் உதவாததற்கு இதுவே காரணம். ஓரளவு நன்றாக வாசித்ததை இறுக்குவதற்குத்தான் அது லாயக்கு. அதிலும் 100 சதவீதம் போடாமல் 50, 60 சதவீதம் பலத்தில் போட்டால், நோட் கோட்டை நோக்கிப் பாதி வழி மட்டும் நகரும். கார்டின் நோட்டுகள் 4, 6, 9 டிக் என்று சிதறி விழுந்திருந்ததே, அந்தச் சிதறலிலும் ஒரு பகுதி மிஞ்சும். கார்ட் உயிரோடு இருப்பதற்கு அது வேண்டும்.

குவாண்டைஸ் பெடலோடு மோதுகிற விதம் கொஞ்சம் நுணுக்கமானது. கார்ட் 30 டிக் முந்தி விழுந்தது, பெடல் அதற்கு 10 டிக் கழித்துத் தூக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தூக்கல் பீட்டுக்கு 20 டிக் முன்னால் இருக்கிறது. கார்டைக் குவாண்டைஸ் பீட்டுக்குத் தள்ளிவிட்டது, பெடல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்போது தூக்கல் கார்டுக்கு 20 டிக் முன்னால், அதாவது 25 மில்லிசெகண்ட் முன்னால். விரல்கள் பழைய கார்டை ஏற்கெனவே விட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழும். சரி, பெடலையும் சேர்த்துக் குவாண்டைஸ் செய்யலாமே என்றால் நிலைமை மோசமாகும். தூக்கலும் அடுத்த அழுத்தலும் ஒரே கோட்டில் போய் விழுந்தால் தூக்கியதற்கு அர்த்தமே இல்லை. பெண்ட் வரிகள் இருந்தால் அவை படிக்கட்டாகிவிடும். ஆகவே நோட்டுகளை மட்டும் குவாண்டைஸ் செய்து, பெடல் நிறைந்த ட்ராக்கில் பலத்தைக் குறைவாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பதியும்போதே குவாண்டைஸ் செய்கிற அமைப்பை மட்டும் என் ஓட்டில் எப்போதும் அணைத்து வைக்க வேண்டும். அதில் அசல் நேரம் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. பின்னால் மனம் மாறினால் திரும்பிப் போக இடமில்லை. இதற்கு நேர் எதிராக, மோட்டிஃபில் ப்ளே எஃப்எக்ஸ் என்று ஒன்று உண்டு. டைமிங்கையும் வெலாசிட்டியையும் ஓடும்போது மட்டும் மாற்றிக் காட்டும், பதிந்த டேட்டாவைத் தொடாது. பிடித்திருந்தால் நார்மலைஸ் என்ற ஜாப் மூலம் நிரந்தரமாக எழுதிக்கொள்ளலாம். உங்கள் மெஷினில் இந்த மாதிரி ஒன்று இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். பழைய மாடல்களில் அன்டூ ஒரு படிதான் என்பதையும் மறக்க வேண்டாம். ட்ரைட்டன் வகையறாவில் கம்பேர் பட்டன் கடைசி மாற்றத்தை மட்டும் திருப்பும். இரண்டு கட்டளை ஓட்டிவிட்டால் முதலாவது போனது போனதுதான்.

ஸ்டெப் ரெக்கார்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையால் வாசிக்கவே முடியாத வேகத்தில் ஓடும் ஆர்பெஜியோ (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது), எந்திரத்தனமே அழகாக இருக்கிற சின்த் வரி, இவற்றுக்கு நல்லது. வாசித்த ட்ராக்கைத் திருத்துவதற்கு அது ஏற்றதில்லை. நம் எலெக்ட்ரிக் பியானோ விஷயத்தில் அதைத் திறக்கவே தேவையில்லை.

கம்ப்யூட்டருக்குப் போவது

போகத்தான் வேண்டும் என்கிற வேலைகள் உண்டு. எக்ஸ்பிரஷன் வளைவை மவுஸால் வரைவது, நாற்பது பாரை இடம் மாற்றி அமைப்பது, ஸ்ட்ரிங்ஸ் ட்ராக்கில் எல்லா நோட்டின் நீளத்தையும் கண்ணால் பார்த்து ஒழுங்குபடுத்துவது. இவற்றைச் சின்னத் திரையில் செய்யச் சொல்வது கொடுமை. 2019-ல் வந்த ரோலண்ட் ஃபேன்டம் போன்று தொடுதிரையும் பியானோ ரோலும் கீபோர்டிலேயே இருந்தால் இதில் ஒரு பகுதியை அங்கேயே முடிக்கலாம். ஆனால் விரலால் தொட்டு 5 டிக் நகர்த்துவது என்பது பொறுமைசாலிகளின் வேலை. ஆகையால் கம்ப்யூட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை.

எடுத்துப்போக வழி இரண்டு. ஸ்டாண்டர்டு மிடி ஃபைலாகச் சேமித்து யுஎஸ்பி ஸ்டிக்கில் கொண்டுபோவது ஒன்று. யுஎஸ்பி கேபிளை மாட்டி, கீபோர்டு ஓட ஓட கம்ப்யூட்டரில் பதிவது மற்றொன்று. முதலாவதே மேல். ஃபைலில் டிக் கணக்கு அப்படியே எண்ணாகப் போகிறது. ஓடவிட்டுப் பதிந்தால் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும், சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் நோட்டுகளின் நேரத்தில் ஏறிவிடும். ஃபைலைச் சேமிக்கும்போது வடிவம் 0, வடிவம் 1 என்று கேட்கும். எடிட்டிங்குக்கு 1-ஐ எடுங்கள். அதில் ட்ராக்குகள் தனித்தனியாக இருக்கும், 0-ல் எல்லாம் ஒரே ட்ராக்கில் கொட்டப்படும்.

போனதும் முதல் திடுக்கிடல் நோட் பெயர்களில் வரும். யமஹா நடு சி-யை சி3 என்கிறது, ரோலண்டும் கோர்க்கும் சி4 என்கின்றன. கம்ப்யூட்டர் மென்பொருள்களிலும் இதே கட்சிப் பிரிவினை. டேட்டாவில் அது எப்போதும் எண் 60-தான், ஆக்டேவ் எதுவும் மாறவில்லை. பதறிப்போய் முழு ட்ராக்கையும் 12 படி நகர்த்தியவர்கள் திரும்பி வந்ததும் மறுபடி பதற நேரும்.

மிடி ஃபைலில் சவுண்ட் போகாது. எந்த சவுண்ட் என்று குறிக்கும் பேங்க் எண்ணும் ப்ரோக்ராம் எண்ணும் போகும், அவ்வளவுதான். நீங்கள் அந்தப் பாட்டுக்காக மாற்றிய ஃபில்டர், எஃபெக்ட் இணைப்பு, ஆர்பெஜியோவைத் தானாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டரின் அமைப்பு எல்லாம் கீபோர்டின் சாங் டேட்டாவில் இருக்கின்றன. எடிட் செய்த ஃபைலைத் திரும்ப ஏற்றினால் நோட்டுகள் சரியாக இருக்கும், எஃபெக்டும் மிக்ஸும் வேறாக ஒலிக்கும். அசல் சாங்கின் மேல் ஏற்றிவிட்டால் அழிவு நிச்சயம். ஆகவே திரும்பி வரும் ஃபைலை எப்போதும் காலி சாங் ஒன்றில் ஏற்றி, அங்கிருந்து தேவையான ட்ராக்கை மட்டும் அசல் சாங்குக்கு நகலெடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற ப்ரோக்ராம் சேஞ்ச், வால்யூம் வரிகளையும் அழித்துவிட வேண்டும்.

கேபிள் வழியில் போகிறவர் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகளுக்கும் அதே கீபோர்டின் சவுண்டுக்கும் உள்ள நேரடி இணைப்பை) அணைக்க மறந்தால் ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை ஒலிக்கும். ஆர்பெஜியேட்டரை ஓடவிட்டபடி பதிந்து, திரும்ப ஓடவிடும்போதும் ஆர்பெஜியேட்டர் ஓடினால் ஆர்பெஜியோவுக்கே ஆர்பெஜியோ போடும். வேடிக்கையாகத்தான் இருக்கும், முதல் முறை மட்டும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், ஒரு தப்பு நோட்டுக்காகக் கம்ப்யூட்டருக்குப் போய்வருவது அந்த நோட்டை லிஸ்டில் அழிப்பதைவிடப் பல மடங்கு வேலை. அதோடு எந்தப் பிரதி புதியது, கீபோர்டில் இருப்பதா கம்ப்யூட்டரில் இருப்பதா என்ற குழப்பம் வேறு. கம்ப்யூட்டர் என்று முடிவெடுத்தால் நோட் எடிட்டிங் முழுவதையும் அங்கேயே வைத்துக்கொண்டு, கீபோர்டை வெறும் சவுண்ட் பெட்டியாக நடத்திவிடலாம். அது ஒழுங்கான ஏற்பாடு. பாதி இங்கே பாதி அங்கே என்பதுதான் தலைவலி. புதிதாக ஒர்க்ஸ்டேஷன் வாங்க நினைப்பவரும் இதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒர்க்ஸ்டேஷன் வரிசையின் வாரிசு என்பதாலேயே பழைய எடிட்டிங் வசதிகள் எல்லாம் தொடரும் என்று நம்ப முடியாது. மோட்டிஃப் வரிசைக்குப் பின் 2016-ல் யமஹா மொன்டாஜ் வந்தபோது, மோட்டிஃபின் விரிவான சாங் எடிட்டிங் இல்லாமல் எளிய ரெக்கார்டரோடுதான் வந்தது. கம்ப்யூட்டரில் எடிட் செய்கிறவருக்கு அது குறையே இல்லை. லிஸ்டில் வாழ்கிறவருக்கு அது பெரிய குறை.

எந்த வரிசையில்

நம் பதினாறு பாருக்குத் திரும்புவோம். வழிகளைத் தேர்ந்தாயிற்று: ஓட்டத்துக்குப் பஞ்ச் இன், தப்பு நோட்டுக்கும் பெடலுக்கும் லிஸ்ட், இடது கைக்கு மொத்தக் கட்டளை. இவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். முதல் வேலை, சாங்கைச் சேமிப்பது. பழைய மாடல்கள் பலவற்றில் மின்சாரம் போனால் சாங்கும் போகும். அப்புறம் ட்ராக்கைக் காலி ட்ராக் ஒன்றுக்கு நகலெடுத்து ம்யூட்டில் வைப்பது. ஒரு படி அன்டூவை நம்புவதைவிட இது நல்லது.

அடுத்து பஞ்ச் இன். புதிய இரண்டு பார் பழைய கையின் கனத்தோடு ஒலிக்க வேண்டும் என்பதால் வெலாசிட்டி மாற்றத்துக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். பிறகு வாசித்தால் அந்த இரண்டு பாரில் மட்டும் இடது கை மறுபடி ஓங்கி நிற்கும். அதன் பின் தப்பு நோட்டை அழிப்பது. அதையும் குவாண்டைஸுக்கு முன்பே செய்துவிடுவது வசதி. குவாண்டைஸ் ஆகிவிட்டால் கார்டின் எல்லா நோட்டும் ஏறக்குறைய ஒரே டிக்கில் வரிசைகட்டி நிற்கும், வேண்டாததை நேரத்தை வைத்து அடையாளம் காண முடியாது. அதற்கடுத்து இடது கை வெலாசிட்டி, தேவைப்பட்டால் பாதிப் பலத்தில் குவாண்டைஸ்.

பெடல் கடைசியில். குவாண்டைஸ் கார்ட்களை நகர்த்திய பிறகே தூக்கல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல முடியும். பன்னிரண்டாவது பாரை மட்டும் பார்க்காமல் ஃபில்டரில் கன்ட்ரோலரை மட்டும் வைத்துப் பதினாறு பாரின் பெடல் வரிகளையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கடைசி வரியில் மதிப்பு 127 என்று இருந்தால், பதினேழாவது பாரின் தொடக்கத்தில் ஒரு பூஜ்ஜியத்தை நீங்களே சேர்த்துவிடுங்கள்.